ஸ்டிக்கைக் கொடுப்பதும் வாங்குவதும்

இதுவரை வந்த அத்தியாயங்கள் பறக்கவிடக் கற்பவருக்கு. இது அவர் பக்கத்தில் நிற்பவருக்கு.

உங்களைத் தேடி வருபவர் யாராகவும் இருக்கலாம். கல்லூரி ஏரோ டிசைன் போட்டிக்காக இரவெல்லாம் கண்விழித்து விமானம் கட்டிவிட்டு, ஓட்ட ஆளில்லாமல் தவிக்கும் பொறியியல் மாணவர்கள் வருவார்கள். என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பழகிய பெண் வருவார். சென்னை எம்.ஐ.டி.யின் தக்ஷா ட்ரோன் குழுவோடு நடிகர் அஜித் குமார் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளிப் பையன் வருவான். பென்ஷன் வாங்கத் தொடங்கியதும் சின்ன வயது ஆசையைத் தூசி தட்டி எடுத்த பெரியவரும் வருவார். இவர்களில் பையன் சீக்கிரம் கற்றுக்கொள்வான், ஆனால் உயரத்தை மதிக்க மாட்டான். பொறியியல் மாணவர் விமானம் தலைகுப்புறப் போகும்போதும் காரணத்தை விளக்கிக்கொண்டிருப்பார். பெரியவருக்குக் கட்டைவிரல் விறைத்துப்போகும். ரிமோட்டைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டு, ஸ்டிக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடிக்கச் சொன்னால் அவர் கை பாதி இளகிவிடும்.

எல்லோருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. தேவைக்கு மேல் ஓட்டுவார்கள். பயிற்சி விமானம் தானாகப் பறக்கும்படி செய்யப்பட்டது. இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இரு நுனிகளும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். சாய்ந்தால் தானே நிமிரும். ரேடியோ விமானத்தின் முன்னோடிகளான அமெரிக்காவின் குட் சகோதரர்கள் 1930களின் இறுதியில் ‘கஃப்’ என்ற விமானத்தைப் பறக்கவிட்டபோது அருகில் நின்று சொல்லித்தர ஆளில்லை. தானாக நிலைகொள்ளும் விமானத்தை ரேடியோ அவ்வப்போது லேசாகத் தட்டிவிட்டது, அவ்வளவுதான். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் மாணவரிடமும் அதே தட்டிவிடலைத்தான் எதிர்பார்க்கிறோம். அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஸ்டிக்கை எப்போது அவர் கையில் கொடுக்கிறீர்கள், எப்போது திரும்ப வாங்குகிறீர்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

இடமும் நேரமும்

காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருங்கள். எட்டரைக்குள் மூட்டை கட்டிவிடுங்கள். அறுவடை முடிந்த வயல், கோடையில் வற்றிய ஏரி, பரந்த கல்லூரி மைதானம் எதுவும் போதும். மின்கம்பியும் சாலையும் ஆட்கள் நடமாடும் பாதையும் மட்டும் பறக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சென்னைப் பக்கம் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். புதியவருக்கு அது வேண்டாம். கோவையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும். அதை எதிர்த்து இறக்கினால் விமானம் கிழக்கிலிருந்துதான் வரும், அதாவது காலைச் சூரியனின் பக்கமிருந்து. கண் கூசி விமானத்தைத் தொலைத்தவர்கள் பலர். அந்த மாதங்களில் சூரியன் கொஞ்சம் மேலேறும்வரை இறக்கப் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள்.

சட்டம் சுருக்கமாக: 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் தொடுகின்றன. கிளம்பும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். மீனம்பாக்கமும் பீளமேடும் எல்லோருக்கும் நினைவிருக்கும். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்களும் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளமும் பலருக்கு மறந்துபோகும். விமானம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் பறக்கும் மாதிரி விமானத்தை அந்த விதிகள் வரையறுப்பதே அப்படித்தான்.

தரையில் முடிக்க வேண்டியவை

மைதானத்துக்கு வரும் முன் சிமுலேட்டரில் பழகி வரச் சொல்லுங்கள். ரியல்ஃப்ளைட் காசு கொடுத்து வாங்குவது. பிக்காசிம் இலவசம். சிமுலேட்டரின் பயன் ஒன்றே ஒன்று: எதிரே வரும் விமானத்தில் இடமும் வலமும் மாறித் தெரியும் குழப்பத்தைச் செலவில்லாமல் பழகிக்கொள்ளலாம். தூரத்தை மதிப்பிடுவதையும் வயிற்றைக் கலக்கும் பயத்தையும் அது கற்றுத்தராது. ‘சிமுலேட்டரில் லூப் போடுவேன் சார்’ என்று வருபவரை மற்றவர்களைவிடக் கூடுதல் உயரத்தில் தொடங்கவையுங்கள்.

விமானம் இறக்கை நீளம் 1.2 முதல் 1.5 மீட்டர் வரையுள்ள ஃபோம் டிரெய்னராக இருக்கட்டும். சின்ன விமானம் மலிவு, ஆனால் துறுதுறுவென்று ஓடும், சீக்கிரம் புள்ளியாகிவிடும். மூன்று சேனல் விமானம் என்றால் ரடரை வலது ஸ்டிக்கில் இணைத்துவிடுங்கள். பின்னால் எய்லரான் உள்ள விமானத்துக்கு மாறும்போது கைப்பழக்கம் அப்படியே தொடரும். எடைமையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், வால் கனத்தது சொன்ன பேச்சைக் கேட்காது.

பறப்புக்கு முந்தைய சோதனையை மாணவர் கையால் செய்யவையுங்கள். ரிமோட் முதலில் ஆன், கடைசியில் ஆஃப். விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ‘அசையுது சார்’ என்பது பதில் ஆகாது. எந்தப் பக்கம் அசைகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். திசை மாறிய எய்லரானோடு எழுந்த விமானத்தைக் காப்பாற்றுவது கைதேர்ந்தவருக்கே கடினம். பிறகு ரேஞ்ச் சோதனை. பேட்டரியை இணைத்த நொடியிலிருந்து ப்ரொப்பெல்லருக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ ஒருவர் விரலும் இருக்கக் கூடாது.

மூன்று செல் லைப்போ முழுதாக ஏறினால் 12.6 வோல்ட். இறக்கி வைத்த பிறகு அளந்தால் 11.1 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் டைமரை வையுங்கள். பயிற்சிக்கு ஆறு நிமிடம் தாராளம். அதற்கு மேல் மாணவரின் கவனமும் தாங்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் லைப்போவை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

இரண்டு ரிமோட், ஒரு விமானம்

டிரெய்னர் கேபிளோ வயர்லெஸ் இணைப்போ உள்ள இரண்டு ரிமோட்டுகள் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். ஓட்டுநர் பள்ளிக் காரில் பயிற்றுநர் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக் செய்யும் வேலையை உங்கள் ரிமோட்டின் ஸ்பிரிங் சுவிட்ச் செய்யும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை கட்டுப்பாடு மாணவரிடம், விரலை எடுத்தால் உங்களிடம். தரையில் வைத்து அந்த சுவிட்சைப் பலமுறை அழுத்தி விடுங்கள். எய்லரானும் எலிவேட்டரும் துளிகூடத் துள்ளக் கூடாது. துள்ளினால் இரண்டு ரிமோட்டின் ட்ரிம்மும் பொருந்தவில்லை என்று பொருள். வானத்தில் மாணவருக்குக் கொடுத்த நொடியே விமானம் குதிக்கும், அவர் தன் தவறு என்று நினைத்துக்கொள்வார். கேபிளை உருவியும் பாருங்கள், கட்டுப்பாடு உங்களிடம் திரும்புகிறதா என்று.

ஒரே ஒரு ரிமோட் வைத்துக்கொண்டும் கற்றுக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையிலிருந்து கைக்கு மாறும் அந்த ஒரு நொடியில் விமானம் யாருடையதும் இல்லை. வேறு வழியே இல்லையென்றால் இந்த அத்தியாயத்தில் சொல்லும் உயரங்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், சட்டம் அனுமதிக்கும் இடத்தில் மட்டும்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரு சொல் வேண்டும். ‘உன்கிட்ட’, ‘என்கிட்ட’ என்றுதான் வாயில் வரும். காற்றில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ‘எடுத்துக்கோ’, ‘விடு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எடுத்துக்கோ’ என்றதும் மாணவர் ‘எடுத்துட்டேன்’ என்று பதில் சொன்ன பிறகே சுவிட்சை அழுத்துங்கள். ‘விடு’ என்றால் அவர் இரண்டு விரலையும் ஸ்டிக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. தரையில் நின்று இதையும் ஒத்திகை பாருங்கள்.

முதல் பாடம்: விரலை எடுப்பது

நீங்களே எழுப்புங்கள். காற்றுக்கு எதிராக ஏற்றி, ட்ரிம் சரிசெய்து, பாதி த்ராட்டிலில் கை விட்டாலும் நேராகப் போகும்படி ஆக்குங்கள். ட்ரிம் சரியில்லாத விமானத்தில் ஒருவரைப் பழக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

உயரத்தை மீட்டரில் சொல்லாதீர்கள். புதியவர் கண்ணுக்கு முப்பது மீட்டரும் அறுபதும் ஒன்றுதான். நம் ஊரில் மைதானத்தின் ஓரத்தில் தென்னை இல்லாமலா போகும்? வளர்ந்த தென்னை பதினைந்து, இருபது மீட்டர் இருக்கும். மூன்று தென்னை உயரத்துக்குக் கீழே முதல் நாள் ஸ்டிக் கைமாறக் கூடாது.

விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது கொடுங்கள். மாணவர் லேசாக வலப்பக்கம் சாய்க்கட்டும். ‘இப்ப விரலை எடு’ என்று சொல்லுங்கள். விமானம் தானே மெல்ல நிமிரும். அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இடப்பக்கமும் அப்படியே. எலிவேட்டரை இழுத்து விடச் சொல்லுங்கள். மூக்கு எழும், தாழும், ஓரிரு ஆட்டத்துக்குப் பின் அடங்கும். முதல் பறப்பு முழுவதும் இதற்கே போனாலும் கவலையில்லை. குழப்பம் வந்தால் விரலை எடுக்கலாம் என்று தெரிந்தவருக்குப் பயம் பாதியாகிவிடும்.

திருப்பம் இரண்டாவது. சாய்த்துவிட்டு ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து எலிவேட்டரைச் சிறிது இழுத்துப் பிடித்தால் விமானம் உயரம் இழக்காமல் திரும்பும். புதியவர் சாய்த்த ஸ்டிக்கை அப்படியே பிடித்திருப்பார். சாய்வு கூடும், மூக்கு கவிழும், பதறி எலிவேட்டரை இழுப்பார். விமானம் இன்னும் இறுக்கமாகச் சுழன்று இறங்கும். டிரெய்னர் விமானங்கள் தரையில் மோதும் வழிகளில் இது மிகப் பழையது. முதலில் இறக்கையை நிமிர்த்து, பிறகு இழு என்ற வரிசையை மேலே இருக்கும்போதே, வேண்டுமென்றே சுழலவிட்டுப் பழக்குங்கள்.

எல்லோருக்கும் ஒரு பக்கத் திருப்பம் பிடித்திருக்கும், பெரும்பாலும் இடப்பக்கம். அதை விட்டுவைத்தால் காற்று மாறும் நாளில் தவிப்பார். ஆகவே எட்டுப் போடவையுங்கள். நடுவில், தன் முன்னால் குறுக்கே வெட்ட வேண்டும். இரண்டு திருப்பமும் நம்மை விட்டு விலகிப் போகும் பக்கமாக இருக்க வேண்டும்.

எதிரே வரும்போது

இங்கேதான் மாணவர்கள் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். விமானம் நம்மை நோக்கி வரும்போது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் அது நம் கண்ணுக்கு இடப்பக்கம் போகும். விளக்கினால் தலையாட்டுவார்கள், வானத்தில் மறந்துவிடுவார்கள். அந்த நேரத்துக்கு உதவும் தந்திரம் ஒன்று இருக்கிறது: எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு. தாழ்ந்த இறக்கைக்குக் கீழே முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடம், வலம் என்ற யோசனையே வேண்டாம். உடம்பை விமானம் போகும் திசைக்குத் திருப்பித் தோளுக்கு மேல் பார்க்கும் வழியையும் சிலர் சொல்லித்தருவார்கள். தொடக்கத்தில் உதவும், ஆனால் அது பழக்கமாகிவிட்டால் விடுவது கஷ்டம்.

உங்கள் வாய்க்கும் இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும். எதிரே வரும் விமானத்துக்கு ‘லெஃப்ட், லெஃப்ட்!’ என்று கத்தாதீர்கள். விமானத்தின் லெஃப்டா, அவருடைய லெஃப்டா? ‘கோயில் பக்கம் திருப்பு’, ‘பனைமரத்துப் பக்கம் கொண்டு வா’ என்று இடத்தைச் சொல்லுங்கள். முதல் நாளே மைதானத்தைச் சுற்றி நான்கு அடையாளங்களுக்குப் பெயர் வைத்துவிடுவது நல்லது.

எப்போது வாங்குவது?

சீக்கிரம் பிடுங்கும் ஆசிரியரிடம் மாணவர் தன் தவறைத் தானே திருத்தக் கற்கவே மாட்டார். தாமதமாக வாங்குபவர் விமானத்தைப் பொறுக்கி எடுப்பார். மனநிலையைப் பொறுத்து முடிவெடுக்காமல் உயரத்தைப் பொறுத்து எடுங்கள். மூன்று தென்னைக்கு மேலே விமானம் எப்படிப் போனாலும் கை நீட்டாதீர்கள், பேசவும் வேண்டாம். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சொல்: ‘நிமிர்த்து’. இரண்டுக்குக் கீழே விரலை எடுத்துவிட்டுப் பிறகு ‘விடு’ என்று சொல்லுங்கள். இறக்கப் பயிற்சிக்கு வரும்வரை இந்தக் கணக்கு மாறாது.

வாங்கினால் நிமிர்த்தி, ஏற்றி, அரை நிமிடத்துக்குள் அதே பறப்பில் திரும்பக் கொடுங்கள். தரையிறங்கிய பிறகு கொடுக்கலாம் என்று வைத்தால் பயம் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். என்ன தவறு என்ற விளக்கமெல்லாம் இறங்கிய பின், அதுவும் ஒரே ஒரு தவறு. பறந்துகொண்டிருப்பவர் காதில் நீங்கள் சொல்வதில் பாதிதான் விழும், எந்தப் பாதி என்று உங்களுக்குத் தெரியாது.

இப்போதைய டிரெய்னர்கள் பலவற்றில் ஜைரோ இருக்கிறது. சாய்வுக்கு எல்லை வைக்கும், விரலை எடுத்தால் உடனே நிமிர்த்தும். காசு போட்டு விமானம் வாங்கியவருக்கு அது நிம்மதி. ஆனால் கற்பதற்கு நடுவே அது நிற்கிறது. விமானம் தன் இயல்பால் நிமிர்கிறதா, கருவி நிமிர்த்துகிறதா என்று மாணவருக்குப் புரியாது. அவசர சுவிட்ச்சாக மட்டும் வைத்துக்கொண்டு, திருப்பம் பிடிபட்டதும் அணைத்துவிடச் சொல்வேன்.

இறக்கம்

இறக்குவதற்கு முன் ஸ்டாலைப் பார்த்திருக்க வேண்டும். நான்கு தென்னை உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்து, எலிவேட்டரை மெல்ல இழுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். வேகம் குறையும், ஸ்டிக்குக்கு விமானம் தரும் பதில் மந்தமாகும், பிறகு மூக்கோ ஒரு பக்க இறக்கையோ கவிழும். அங்கே எய்லரானால் சண்டை போடாமல் ஸ்டிக்கை முன்னே தளர்த்தி வேகம் வரவிட வேண்டும். அந்த மந்தத்தைத்தான் அவர் விரல் நினைவில் வைக்க வேண்டும், ஏனென்றால் ஓடுபாதைக்கு முன்னால் இதே நிலைதான் வரும், உயரம் மட்டும் இருக்காது.

முதல் சில காலைகளுக்கு இறக்கவே சொல்லாதீர்கள். நான்கு மூலைச் சுற்று வந்து, ஓடுபாதைக்கு நேராகத் திருப்பி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் கடந்து, த்ராட்டில் கொடுத்து மீண்டும் ஏறட்டும். இறக்கம் என்பது ஓடுபாதையில் நடப்பதில்லை, அதற்கு முந்தைய இரண்டு திருப்பங்களில் முடிவாகிவிடுகிறது. கடைசித் திருப்பத்தை வெகு அருகில் வைத்துக்கொண்டு, உயரம் மிச்சமிருக்க மூக்கை அமுக்கி வேகத்தோடு வருவார்கள். உயரத்தை த்ராட்டிலும் வேகத்தை எலிவேட்டரும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிப் பாருங்கள். தாழ்வாக வந்தால் எலிவேட்டரை இழுக்காதே, த்ராட்டில் கொடு. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றது எளிது. கடந்து போகும் உயரம் தானாகவே ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டு வரும். ஒரு நாள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டு எழும். அடுத்த முறை த்ராட்டிலை முழுதும் மூடச் சொல்லுங்கள். முழங்கால் உயரத்தில் எலிவேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் மீதி வேலையை விமானம் பார்த்துக்கொள்ளும்.

எழுப்புவது இதைவிடச் சுலபம். கையால் எறிவதென்றால் எறிபவர் நீங்கள். காற்றுக்கு எதிராக, மட்டமாக, உறுதியாகத் தள்ளுங்கள், வானத்தைப் பார்த்து எறியாதீர்கள்.

விழுந்தால்

விழும். த்ராட்டிலை மூடச் சொல்லுங்கள், ரிமோட்டை அணைக்க விடாதீர்கள். ஒருவர் நின்ற இடத்திலேயே நின்று விழுந்த திசையில் கை நீட்டிக்கொண்டிருக்கட்டும், மற்றவர் அந்தக் கோட்டில் நடக்கட்டும். எல்லோரும் ஓடினால் கோடு தொலைந்துவிடும். சோளக் காட்டுக்குள் விழுந்தால் ஸ்டிக்கை அசைத்து சர்வோவின் முனகலைக் கேளுங்கள். அடிபட்ட லைப்போவைக் கழற்றித் திறந்த வெளியில் தனியே வைத்து, அரை மணி நேரமாவது பார்த்த பிறகே பையில் போடுங்கள். வெள்ளைத் தெர்மாகோலில் ஃபெவிக்விக் போட்டால் அது உருகிவிடும். அதற்கு ஃபெவிகால்தான். டிரெய்னர்களில் வரும் ஈ.பி.ஓ. ஃபோம் தாங்கும், நசுங்கிய இடம் வெந்நீரில் ஓரளவு உப்பியும் வரும். உடைந்ததை மாணவரே ஒட்டட்டும்.

கேபிள் இல்லாமல்

தனியாகப் பறக்கும் நாளை முன்கூட்டி அறிவிக்காதீர்கள். அறிவித்தால் வீட்டார் எல்லோரும் வீடியோ எடுக்க வந்துவிடுவார்கள். உங்கள் விரல் சுவிட்சை விட்டு எழாமலே இரண்டு பக்கமிருந்தும் ஒழுங்காக இறக்கிய ஒரு காலையில், காற்று அசையாத நேரத்தில், புது பேட்டரி போட்டு, கேபிளைக் கழற்றி, அந்த ஒரு ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போங்கள். ‘பேசட்டுமா, சும்மா இருக்கட்டுமா?’ என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு நிமிடத்தில் இறக்கச் சொல்லுங்கள். முதல் முயற்சி உயரமாக வந்தால் இன்னொரு சுற்று வரும் அளவுக்கு பேட்டரி மிச்சமிருக்க வேண்டும்.

இறங்கியதும் கை குலுக்கிவிட்டு, பேட்டரி மாற்றி உடனே இன்னொரு முறை பறக்கவையுங்கள். முதலாவது நல்லபடியாக இறங்கியது அதிர்ஷ்டம் என்று அவரே நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டாவது முடிந்ததும் லாக் புத்தகத்தில் காற்றின் திசையையும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை கொஞ்சம் காற்று எழுந்த பிறகு, எட்டு மணிக்கு வரட்டும். பக்கக் காற்றில் இறக்குவது அடுத்த அத்தியாயத்தில்.